மீன் வயிற்றில் ஈயம்: நம்ம ஊர் தூண்டில் போட்டிக்கு இவ்வளவு சட்டதிட்டம் தேவையா?

கேள்வி, 10 செப்டம்பர் 2025

பாலக்காட்டு எல்லையில் இருக்கிற வண்ணாமடையிலிருந்து ஒரு நண்பர் எழுதியது: "ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நடந்த ஓணம் தூண்டில் போட்டியில், ஜெயித்த மீன்களின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். ஐயாயிரம் ரூபாய்க்கும் ஒரு குக்கருக்கும் நடக்கிற போட்டி இது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான டாலர் பரிசு, அங்கே மீனுக்குள் ஈயம் திணிக்கிறார்கள். இங்கே யார் திணிக்கப் போகிறார்கள்? விளையாட்டை விளையாட்டாக விடக் கூடாதா? சோதனை போடுவது வந்தவர்களை அவமானப்படுத்துவது மாதிரி இருக்கிறது."

10 செப்டம்பர், இரவு

டார்ச் அடித்தவன் நான்தான். பதிலும் நானே சொல்கிறேன்.

பரிசு சின்னது, அதனால் ஏமாற்றும் இருக்காது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில், ஐயாயிரம் நம்ம பக்கம் சின்னத் தொகையா? முதலமடை மாந்தோப்புக்குக் கூலிக்குப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்தது, பணம் மட்டுமா விஷயம்? பரிசு வாங்குகிற போட்டோ அன்று சாயங்காலத்துக்குள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எல்லார் போனிலும் வந்துவிடுகிறது. "விரால் புடிக்கறதுன்னா அவன்தானப்பா" என்ற பேர் ஒரு வருஷத்துக்கு நிற்கும். அந்தப் பேருக்காகத் தப்பு செய்கிறவர்கள் உண்டு.

அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தர் மீனை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது அவமானம். தராசுக்கு வந்த எல்லா மீனையும் பார்த்தேன். கமிட்டிச் செயலாளர் பிடித்த மீனையும் சேர்த்துத்தான்.

11 செப்டம்பர், காலை

அமெரிக்கக் கதையில் "அஞ்சு வருஷம் உள்ளே போட்டார்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை. நடந்தது இதுதான்.

2022 செப்டம்பர் 30. ஒஹாயோ மாநிலம் கிளீவ்லேண்டில் ஈரி ஏரிப் போட்டியின் கடைசிச் சுற்று. பிடிக்க வேண்டியது வால்ஐ என்ற நன்னீர் மீன். இரண்டு பேர் கொண்ட ஓர் அணி கொண்டுவந்த ஐந்து மீன்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 34 பவுண்டு, அதாவது 15 கிலோவுக்கு மேல். போட்டி நடத்துகிறவருக்குக் கண் ஒன்று சொல்ல, தராசு ஒன்று சொல்லியது. பார்வைக்கு ஒவ்வொன்றும் நாலு பவுண்டு தேறும், தராசிலோ ஏழு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கட்டியாக ஏதோ கையில் தட்டியது. எல்லார் முன்னாலும் கத்தியை வைத்தார். உள்ளே பத்து ஈயக்குண்டுகள், கூடவே அதே இன மீனின் சதைத் துண்டுகள். முதல் பரிசு 28,760 டாலர். 2023 மார்ச்சில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மே மாதம் தீர்ப்பு வந்தது: பத்து நாள் சிறை, ஒன்றரை வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 டாலர் அபராதம், மூன்று வருடம் தூண்டில் உரிமம் ரத்து. போட்டிக்கு ஓட்டிவந்த படகும் போயிற்று.

அந்தப் படகின் மதிப்பு ஒரு லட்சம் டாலர். பரிசுத் தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பணமில்லாத கொடுமையில் செய்தார்கள் என்று சொல்ல வழியே இல்லை. பரிசு பெரிதா சிறிதா என்ற கேள்வியை விட்டுவிடலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே சீசனில் அவர்கள் முன்பும் ஜெயித்திருக்கிறார்கள். அந்தச் சுற்றுகளில் இரண்டாவதாக வந்தவர்கள் நிலைமை என்ன? அந்த மீன்கள் எப்போதோ போய்விட்டன, வெட்டிப் பார்க்க எதுவும் இல்லை. தோற்றது நியாயமாகத் தோற்றதா என்று அவர்களுக்கு இனி ஒருபோதும் தெரியப் போவதில்லை. எனக்கு வயிறு எரிவது அவர்களுக்காக.

11 செப்டம்பர், மாலை

"ஈயம் திணித்தால் வெளியே தெரியாதா?" என்கிறார்கள். தெரியாது. அங்கே கிடைத்த பெரிய குண்டுகள் ஒவ்வொன்றும் 12 அவுன்ஸ், சுமார் 340 கிராம். ஈயம் தண்ணீரைப் போலப் பதினொரு மடங்கு கனம். 340 கிராம் ஈயம் என்பது முப்பது மில்லிலிட்டர் இடம்தான், ஒரு சின்ன எலுமிச்சம்பழ அளவு. தொண்டை வழியே தள்ளிவிட்டால் வயிறு கொஞ்சம் உப்பினாற்போல இருக்கும். சினை மீன் என்று நினைத்துக்கொள்வோம்.

நம்ம ஊரில் வீச்சுவலையின் ஓரத்தில் கோத்திருக்கிற ஈயமணி ஒரு பிடி போதும். நூறு கிராம் வித்தியாசத்தில் முதல் பரிசு கைமாறுகிற போட்டி இது.

13 செப்டம்பர்

தெரிந்த ஒருவர் போனில் கேட்டார்: "உயிரோட இருக்கிற மீனை மட்டும் எடை போட்டால் போச்சு. செத்த மீனுக்கு மார்க் குறைக்க வேண்டியதுதானே?" அமெரிக்க பாஸ் மீன் போட்டிகளில் அப்படித்தான். மீனை உயிரோடு விடுவது 1972 முதலே அங்கே பெரிய அமைப்பின் கொள்கை. படகிலேயே தண்ணீர்த் தொட்டி, செத்த மீனுக்கு எடைக் கழிவு. முந்தின நாளே பிடித்து எங்காவது கூண்டில் போட்டு வைத்தாலும், சந்தையில் வாங்கினாலும், மீன் சோர்ந்துவிடும் என்பது ஒரு கூடுதல் பாதுகாப்பு.

ஆனால் நம்ம போட்டியின் ராஜா விரால். விராலுக்கு இந்த விதி செல்லாது.

விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் மணிக்கணக்கில் கிடக்கும். நம்ம பக்கச் சந்தைகளில் விரால் உயிரோடுதான் விற்பனைக்கு வருகிறது, செத்தால் பாதி விலை. இப்போது வியட்நாம் வரால் என்று குளத்தில் வளர்த்தும் விற்கிறார்கள். ஆக, கடையில் வாங்கின விராலும் துள்ளும், தூண்டிலில் வந்த விராலும் துள்ளும். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அது ஓரளவு உதவும், அவை வெளியே எடுத்தால் சீக்கிரம் போய்விடும்.

அதனால் விராலில் நான் பார்க்கிற இடங்கள் வேறே. மூக்கு நுனி முதலில். டப்பில் நெருக்கிப் போட்ட விரால் வெளியே வர முட்டிக்கொண்டே இருக்கும், மூக்கு நுனி தேய்ந்து வெளுத்தோ சிவந்தோ இருக்கும். அப்புறம் வால் துடுப்பு ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். உடம்பில் கொழகொழப்பு முழுசாக இருக்க வேண்டும், சாக்கிலும் கையிலும் புரண்ட மீனுக்குத் திட்டுத் திட்டாகப் போயிருக்கும். வலையில் வந்ததென்றால் முதுகுத் துடுப்புக்கு முன்னால் செதிலின் மேல் நூல் அழுத்தின கோடு இருக்கும். கடைசியாகத் தூண்டில் முள் ஏறின இடம். சற்று முன் ஏறினது என்றால் ஓட்டையின் விளிம்பு பச்சையாக இருக்கும், மீன் இழுத்த பக்கத்துக்கு ஓட்டை நீண்டிருக்கும். செத்த மீன் வாயில் முள்ளைக் குத்திக் கொண்டுவந்தால் ரத்தம் கசியாது, ஓட்டை வட்டமாகவே இருக்கும்.

இதில் எதுவும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் காட்டினால்தான் ஒருத்தர் மேல் குற்றம் சொல்ல வாயைத் திறக்கலாம்.

14 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்ப அந்தப் பையன் மீனையும் இப்படித்தான் பார்த்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம். அதை முழுசாகச் சொல்லியே ஆக வேண்டும், ஊரில் வேறு மாதிரி பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

போட்டி முடிய அரைமணி இருக்கும். பதினாலு வயசுப் பையன், மூங்கில் கம்பு, ரீல் கிடையாது, தூண்டில் நரம்பைக் கம்பு நுனியிலேயே கட்டியிருந்தான். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு விராலைக் கொண்டுவந்தான். சட்டையெல்லாம் சேறு. தராசில் வைத்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், நல்ல விலையுள்ள கார்பன் ராட் வைத்திருக்கிறவர், "சந்தைல வாங்குனதாட்ட இருக்கு" என்றார். சத்தமாகவே சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பையன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கேட்டேன்: "தம்பி, எங்க புடிச்ச?"

"மடைகிட்டீங்ண்ணா. அந்தப் பாறை சந்துல."

"என்ன இரை?"

"பொடிக் கெண்டைங்ண்ணா. மொதல்ல ரெண்டு வாட்டி இழுத்துட்டு உட்ருச்சு. மூணாவது வாட்டி முழுங்க உட்டுட்டுத் தூக்கிட்டேன்."

அவன் சொன்னதைப் பாருங்கள், விரால் பிடிக்கிறவன் சொல்கிற பேச்சு அது. இருந்தாலும் எல்லாருக்கும் செய்ததையே செய்தேன். மூக்கு நுனி சுத்தம். கொழகொழப்பு அப்படியே இருந்தது. செவுள் மூடிக்கு அடியில் சின்ன அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முள் தொண்டைக்கு உள்ளே, மேல் பக்கம் ஏறியிருந்தது, முழுங்கவிட்டுத் தூக்கினேன் என்று அவன் சொன்னதற்குச் சரியாக. பார்த்ததை ஒவ்வொன்றாக அங்கேயே மைக்கில் சொன்னேன், அந்தப் பெரியவர் காதிலும் விழட்டும் என்று.

பையனுக்கு இரண்டாம் பரிசு. அது கேள்வியே இல்லாமல் அவனுடையது. ஆனால் மறுநாள் அவன் அம்மாவைக் கடைவீதியில் பார்த்தேன். "பள்ளிக்கூடத்துலயும் 'விலைக்கு வாங்குன மீனு'ன்னு சொல்றாங்களாம். இனி இவன அனுப்பட்டுமாங்க?" என்று கேட்டார்.

ஏமாற்றுக்காரன் ஒருத்தன் எங்கேயோ ஈயம் வைத்தான். அந்தச் சந்தேகம் வந்து விழுந்தது யார் தலையில்? கார்பன் ராட் வைத்திருந்தவர் தலையில் விழவில்லை. கமிட்டிக்காரர் தலையிலும் விழவில்லை. மூங்கில் கம்போடு வந்தவன் தலையில் விழுந்தது. சோதனை எல்லாருக்கும் ஒன்றாக, எல்லார் கண் முன்னாலும் நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதற்குத்தான். சோதனை இல்லாத போட்டியில் அந்தப் பையனுக்கு யார் சாட்சி? வண்ணாமடை நண்பர் இதை யோசிக்க வேண்டும்.

14 செப்டம்பர், பிற்பகல்

இல்லை, அந்தப் பெரியவர் பேரை எழுத மாட்டேன். கேட்காதீர்கள்.

17 செப்டம்பர்

பொய் கண்டுபிடிக்கிற மெஷின் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடல் மீன் போட்டிகளில் அமெரிக்காவில் அது சாதாரணம். 2016இல் மேரிலாந்து ஓஷன் சிட்டியில் நடந்த வெள்ளை மார்லின் என்ற பெரிய கடல் மீனுக்கான போட்டியில் 76.5 பவுண்டு மீன் ஜெயித்தது. பரிசு 28 லட்சம் டாலர். படகில் இருந்தவர்களை அந்த மெஷினில் உட்கார வைத்தபோது ஒத்துவரவில்லை என்று பரிசை நிறுத்திவைத்தார்கள். வழக்கு போயிற்று. காலை எட்டரைக்கு முன்னாலேயே தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள் என்பதுதான் விவகாரம். கோர்ட்டும் போட்டி நடத்தியவர்கள் பக்கமே நின்றது, மேல்முறையீட்டிலும் அதேதான்.

அந்த வழி எனக்கு வேண்டாம். அந்த மெஷின் அளப்பது நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை. பயந்த சுபாவக்காரனுக்கு நிஜம் சொன்னாலும் வியர்க்கும். அந்தப் பையனை அதில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்ம நாட்டில், 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவர் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலைக் கேசுக்கே அப்படி. மீனைச் சோதிப்போம், மனுஷனை விட்டுவிடுவோம்.

20 செப்டம்பர்

ஈயம் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், நம்ம ஏரியில் நிஜமாக நடக்கிற தகராறு புண்ணாக்கு.

போட்டிக்கு முந்தின ராத்திரி, தான் உட்காரப் போகிற இடத்தில் கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் உருண்டை பிடித்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். காலையில் ரோகுவும் மிருகாலும் அங்கேயே மேய்ந்துகொண்டிருக்கும். இது திருட்டா, சாமர்த்தியமா? விதியில் ஒரு வரி இல்லை. "நான் என் காசில் போட்டேன்" என்கிறார் போட்டவர். எதிர்க்கரையில் வெறும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு எப்படி இருக்கும்?

இதற்குச் சண்டையே இல்லாத வைத்தியம் உண்டு: காலையில் சீட்டுக் குலுக்கி இடம் கொடுப்பது. யார் எங்கே உட்காருவார் என்று ராத்திரி தெரியாவிட்டால் யாரும் புண்ணாக்கை வீணாக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் தூண்டில் போட்டிகளில் கரையில் எண் போட்ட முளை அடித்து, குலுக்கலில்தான் இடம் தருகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? ஆந்திரா எல்லையில் பழவேற்காடு ஏரியில் மீனவர்களுக்குள் பாடு முறை என்று இருக்கிறது. நல்ல இடங்களில் வலை கட்டுவதற்குக் குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு உனக்குக் கிடைத்த இடம் இன்னொரு நாள் எனக்கு. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, சோறு. சோற்றுக்கே முறை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போது குக்கருக்காக நாம் அடித்துக்கொள்கிறோம்.

21 செப்டம்பர்

சோறு என்று எழுதினதும் ஒன்று நினைவுக்கு வந்தது. வேறோர் ஊரில், வேறொரு குழு நடத்திய போட்டி, ஊர் பேர் வேண்டாம். பாலக்காட்டு அணைகளில் மீன் பிடிக்கிற உரிமை பட்டியல் சாதி, பழங்குடி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உண்டு. விடிகாலையில் வலையை எடுத்துக் கரையில் எடை போட்டு விற்பார்கள். அன்று சங்கத்துக்காரர்களிடமிருந்து ஒருவர் கட்லா வாங்கிப் போனார். பகல் பதினொரு மணிக்கு அதே கட்லா போட்டித் தராசுக்கு வந்தது. சங்கத்துப் பெண் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தவர், பார்த்ததும், "இது காலைல நாங்க வித்த மீனல்லே?" என்றார். பக்கவாட்டில் செதில் பெயர்ந்த இடத்தைக் கைவைத்துக் காட்டினார். செவுளுக்குப் பின்னால் வலை இறுக்கின கோடும் இருந்தது.

நடத்தியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "பெரிய மனுஷன், விட்டுடலாம்" என்று பூசி மெழுகிவிட்டு, அவருக்கு ஆறுதல் பரிசு என்று ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெண்ணிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரியெல்லாம் பரிசலில் இருந்து வலை இழுத்தது அவர்கள். அந்த உழைப்பைக் கிலோ விலைக்கு வாங்கித் தன் திறமை என்று காட்டுகிறான் ஒருவன். இது விளையாட்டில் நடந்த சின்னத் தப்பு என்றால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

25 செப்டம்பர்

முதலில் எனக்கு இருந்த எண்ணம், முதல் மூன்று மீனையும் மேடையிலேயே அறுத்துக் காட்டிவிட வேண்டும் என்பது. ஈயத்துக்கு அதைவிடப் பெரிய பதில் இல்லை. இந்த இரண்டு வாரமாக யோசித்ததில் மனசு மாறிவிட்டது. ஏரியில் இருக்கிற பெரிய விராலையெல்லாம் வருஷா வருஷம் போட்டிக்கென்று அறுத்துக்கொண்டிருந்தால் ஏரியில் என்ன மிஞ்சும்? மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்றார் ஒருவர். அது ஈயத்தைப் பிடிக்கும், உள்ளே திணித்த மீன் சதையைப் பிடிக்காது.

எடையை விட்டுவிட்டு நீளத்துக்குப் போவோம் என்பது இப்போது என் கட்சி. எத்தனை ஈயம் தின்றாலும் மீன் ஒரு விரல்கூட நீளாது. வெளிநாட்டில் கயாக் படகில் போகிறவர்கள் நடத்துகிற போட்டிகளில் இப்படித்தான்: அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, அன்று காலையில் கொடுத்த அடையாள அட்டையோடு போட்டோ எடுத்து, மீனைத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். அட்டை அன்றுதான் கையில் வருகிறது, அதனால் பழைய போட்டோ செல்லாது.

இதிலும் வித்தை காட்ட இடம் இருக்கிறது. வாயைத் திறந்து வைத்தால் அரை செ.மீ. கூடும். வாலைப் பிசைந்து நீட்டுவார்கள். ஒரே மீனை இரண்டு பேர் காட்டலாம். ஆகவே அளப்பவர் ஒருவரே, பலகை ஒன்றே, வாய் மூடி, மூக்கு கட்டையில் முட்டி, வால் சேர்த்துப் பிடித்து.

எடை வேண்டவே வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரே இனத்தில் நீளம் பத்து சதவீதம் கூடினால் எடை சுமார் முப்பத்துமூன்று சதவீதம் கூடும், மூன்று பக்கமும் வளர்கிறதல்லவா. இரண்டையும் எழுதிவைத்தால் போதும். நீளத்துக்கு மீறின எடை காட்டுகிற மீன் மட்டும் தனியே தெரியும். அதை மட்டும் அறுக்கலாம், உடையவர் எதிரில். கிளீவ்லேண்டில் அந்த மனிதர் கண்ணாலேயே போட்டது இந்தக் கணக்குத்தான்.

28 செப்டம்பர்

விதி கறாராக இருந்தால் நல்லவனும் அடிபடுவான் என்று கொல்லங்கோட்டு நண்பர் எழுதியிருக்கிறார். உண்மை. 2023 ஜூனில் வட கரோலினாவில் பிக் ராக் போட்டியில் 619.4 பவுண்டு நீல மார்லின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், மணிக்கணக்கில் போராடி. சுறா கடித்திருந்தது என்று செல்லாது என்றுவிட்டார்கள். போனது 35 லட்சம் டாலர். யாரும் எதையும் ஏமாற்றவில்லை. கடிபட்ட மீன் முழு பலத்தோடு போராடியிருக்காது என்பது விதியின் நியாயம்.

அது கொடுமைதான். ஆனாலும் விதி முன்பே எழுதி இருந்தது, எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. நம்ம ஊரில் விதியே போட்டி முடிந்த பிறகுதான் எழுதப்படுகிறது, அதுவும் ஆளைப் பார்த்து. நீர்க்காகம் கொத்தின மீனை என்ன செய்வது என்று இப்போதே ஒரு வரி எழுதிவைத்துவிட்டால் அன்றைக்குச் சண்டை வராது. காயம் பட்டதும் செல்லும் என்பது என் கருத்து. நாம் பந்தயப் பணத்துக்கு விளையாடவில்லை.

2 அக்டோபர்

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சம்பந்தம் உண்டு.

ஜூனில் ஒரு போட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. வேண்டாம். முதல் மழைக்கு மீன் வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஏறி வருவது முட்டையிட. கேரளத்தில் அப்போது பிடிப்பதை ஊத்தப் பிடித்தம் என்பார்கள், 2010ஆம் வருட உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம். விரால் குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனும் கூடவே சுற்றும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேலே கொதிக்கிற மாதிரித் தெரியும். அதன் நடுவில் பிளாஸ்டிக் தவளையை எறிந்தால் பெரிய மீன் பசிக்காக இல்லை, குஞ்சைக் காப்பாற்றத்தான் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் காலி செய்துவிடும். தராசில் அந்த மீன் நேர்மையான மீன்தான், ஈயம் இல்லை, வலைக்கோடு இல்லை. எனக்கு அது ஜெயித்த மீனாகத் தெரியவில்லை.

சின்னார் பக்கம் பாம்பாற்றில் தூண்டில் போடலாமா என்று கேட்டவருக்கு: அது சரணாலயம். 2007இல் அந்த ஆற்றிலிருந்துதான் மஹசீர் என்ற ஆற்று மீனில் ஓர் இனத்தை அறிவியலில் முதன்முதலாக விவரித்தார்கள். காவிரியின் பெரிய திமில் மஹசீரும் அதே இனம்தான் என்று 2018இல் தெரிந்தது. அழிவின் விளிம்பில் இருக்கிற மீன். அங்கே போகாதீர்கள்.

12 அக்டோபர்

நேற்று கமிட்டி கூடியது. வண்ணாமடை நண்பரும் வந்திருந்தார், நேரில் நிறைய பேசினோம். சோதனை வேண்டாம் என்ற இடத்திலிருந்து அவர் இறங்கி வந்துவிட்டார். ஆனால் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார், சரியாகவே பட்டது: பக்கத்தில் நிற்கிறவர்கள் யாரும் ஒருவர் மீனைப் பற்றித் தராசடியில் வாய்விடக் கூடாது. சந்தேகம் இருந்தால் எழுதி, கையெழுத்துப் போட்டு, நூறு ரூபாய் கட்டிக் கொடுக்க வேண்டும். சந்தேகம் நிஜமானால் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் மீன் கொண்டுவந்தவருக்குப் போகும். ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இடம் சீட்டுக் குலுக்கி. நீளம்தான் கணக்கு, எடையும் எழுதப்படும். அளப்பதற்கு சங்கத்து மீனவர் ஒருவரைக் கூப்பிடுகிறோம், அவருக்கு அன்றைய கூலி கமிட்டி தரும். கமிட்டிக்காரர்கள் கலந்துகொள்ளலாம், பரிசு வாங்க முடியாது. இந்த ஒன்றில் மட்டும் செயலாளருக்கு வருத்தம்.

பலகையை ஆசாரி செய்துகொண்டிருக்கிறார், பலா மரம், ஒரு மீட்டர். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு போட்டி. அந்தப் பையன் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். விதியில் ஆட்சேபணை இருக்கிறவர்கள் டிசம்பர் முடிவதற்குள் எழுதுங்கள். போட்டி அன்று காலையில் வந்து சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டோம்.